பெயரைப் பார்த்தால் படம் வர வேண்டும்: கார்பன் சேர்மங்களுக்குப் பெயர் வைக்கப் பழகுவது எப்படி

கரிம வேதியியல் படிக்க என்னிடம் வரும் பிள்ளைகள் பலரும் ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். மெத், எத், புரப், பியூட் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். ஒரு படத்தை வரைந்து "இதற்குப் பெயர் என்ன?" என்றால் கை அப்படியே நின்றுவிடுகிறது. பெயரை அவர்கள் ஒரு விடையாகப் பார்க்கிறார்கள். நான் அதை வரைவதற்கான கட்டளையாகப் பார்க்கச் சொல்கிறேன். "3-மெத்தில்பென்டேன்" என்றால் ஐந்து கார்பனை வரிசையாகப் போடு, மூன்றாவதில் இன்னொரு கார்பனைச் சேர் என்று அர்த்தம். அதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை.

அதனால் என் பாடத்தில் முதலில் பெயரைப் பார்த்துப் படம் வரைவோம். படத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது அதற்கு அப்புறம்தான். பெயரைப் படிக்கத் தெரிந்தவருக்கு விதிகள் பாதி தானாகவே புரிந்துவிடும். தலைகீழாகத் தொடங்கினால் விதி விதியாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்க வேண்டியதுதான். ஒரு தாளும் பென்சிலும் அழிப்பானும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்தை வாசித்தால் மட்டும் போதாது, வரைய வேண்டும்.

நான்கு பிணைப்பு என்ற கணக்கு

கார்பனின் அணு எண் 6. வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள். எட்டு நிறைய இன்னும் நான்கு வேண்டும். நான்கையும் விட்டுக்கொடுப்பதும் கடினம், புதிதாக நான்கை வாங்கிக்கொள்வதும் கடினம். ஆகவே பக்கத்து அணுக்களோடு பங்கிட்டுக்கொள்கிறது. இப்படித்தான் நான்கு சகப்பிணைப்புகள் உருவாகின்றன. நாம் பார்க்கப்போகும் சேர்மங்களில் எல்லாம் கார்பனுக்கு நான்கு, நைட்ரஜனுக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கும் ஹாலஜன்களுக்கும் (ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின்) ஒன்று. வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கார்பனையும் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். ஐந்து பிணைப்போடு ஒரு கார்பன் நின்றால் அந்தப் படத்துக்குச் சரியான பெயர் கிடையாது, ஏனென்றால் அப்படி ஒரு சேர்மம் இல்லை.

சிலிக்கனுக்கும் இணைதிறன் நான்குதான். பிறகு ஏன் கார்பனுக்கு மட்டும் தனியாக ஒரு வேதியியல்? கார்பன் கார்பனோடு சேரும் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும். சிலிக்கன் சிலிக்கனோடு சேர்ந்தால் அது சுமார் 220தான். கார்பன் அணு சிறியது, பிணைப்பு உறுதியானது. அதனால் எத்தனை நீளமான சங்கிலியும் நிற்கும்; கிளை விடும், வளையமாகும், இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் போடும். பத்துக் கார்பனும் இருபத்திரண்டு ஹைட்ரஜனும் கொண்ட டெக்கேனுக்கு 75 விதமான அமைப்புகள் உண்டு. இருபது கார்பன் உள்ள ஆல்கேனுக்கு (ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள கார்பன்-ஹைட்ரஜன் சேர்மம்) அந்த எண்ணிக்கை 3,66,319. ஒவ்வொன்றுக்கும் மணம், நிறம், கிடைத்த இடம் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு முறை வேண்டும்.

அந்த முறை ஒரே நாளில் வந்ததல்ல. உயிருள்ளவற்றின் உடலில் மட்டுமே கரிமச் சேர்மங்கள் உருவாகும் என்று நம்பிய காலத்தில், 1828இல் ஃபிரெடரிக் வோலர் அம்மோனியம் சயனேட் என்ற கனிம உப்பிலிருந்து யூரியாவைப் பெற்றார். அதன் பிறகு ஆய்வகங்களில் புதுப்புதுச் சேர்மங்கள் குவிந்தன, பெயர்க் குழப்பமும் கூடவே குவிந்தது. 1892இல் ஜெனீவாவில் வேதியியலாளர்கள் கூடி முதல் பொது விதிகளை வகுத்தார்கள். 1919இல் தொடங்கிய ஐயூபேக் என்ற பன்னாட்டு அமைப்பு இன்றுவரை அந்த விதிகளைத் திருத்திக்கொண்டே வருகிறது. நாம் படிக்கும் பெயர்கள் அந்த வழியில் வந்தவை.

நெளிகோடு வரையப் பழகுங்கள்

தொடக்கத்தில் எல்லா ஹைட்ரஜனையும் போட்டு வரையுங்கள். கை பழகியதும் நெளிகோட்டுக்கு மாறிவிடுங்கள். மேலும் கீழுமாக வளைந்து போகும் கோட்டில் ஒவ்வொரு முனையும் ஒரு கார்பன், ஒவ்வொரு திருப்பமும் ஒரு கார்பன். ஹைட்ரஜனை வரைவதில்லை; நான்குக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை ஹைட்ரஜன் அங்கே இருப்பதாகப் பொருள். நடுவில் உள்ள திருப்பத்தில் இரண்டு கோடுகள் சந்தித்தால் அந்தக் கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன். முனையில் ஒரே கோடு என்றால் மூன்று.

இதில் எப்போதும் நடக்கும் ஒரு தவறு: புள்ளிகளை எண்ணாமல் கோடுகளை எண்ணிவிடுவது. நான்கு கோடுகள் உள்ள நெளிவில் கார்பன் ஐந்து. பென்சில் முனையால் ஒவ்வொரு புள்ளியிலும் சிறு புள்ளி வைத்து எண்ணினால் இந்தத் தவறு வராது. பெரிய மாணவர்களும் வெட்கப்படாமல் புள்ளி வைக்க வேண்டும் என்று நான் கட்டாயமாகச் சொல்வேன்.

பெயரை வாலிலிருந்து படியுங்கள்

பெயரின் நடுவில் மூலச்சொல் இருக்கும். அது முதன்மைச் சங்கிலியில் எத்தனை கார்பன் என்று சொல்கிறது. ஒன்றுக்கு மெத், இரண்டுக்கு எத், மூன்றுக்குப் புரப், நான்குக்குப் பியூட். அதற்கு மேல் பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட், நான், டெக். முதல் நான்கைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். மற்றவை எண்களின் பெயர்களே.

மூலச்சொல்லுக்குப் பின்னால், பென்டேனில் வருவது போல, "ஏன்" என்ற ஒட்டு வந்தால் எல்லாம் ஒற்றைப் பிணைப்பு. ஈன் வந்தால் எங்கோ ஓர் இரட்டைப் பிணைப்பு. ஐன் வந்தால் முப்பிணைப்பு. அதற்கும் பின்னால் ஆல், ஓன், ஆயிக் அமிலம் என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அதுதான் சேர்மத்தின் முதன்மையான வினைச்செயல் தொகுதி, அதாவது சேர்மம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவு செய்யும் அணுக்கூட்டம். மூலச்சொல்லுக்கு முன்னால் வருபவை எல்லாம் சங்கிலியில் ஒட்டிய கிளைகளும் (மெத்தில் என்றால் ஒரு கார்பன் கிளை, எத்தில் என்றால் இரண்டு) பதிலிகளும், அதாவது ஹைட்ரஜனுக்குப் பதிலாக வந்து ஒட்டியவையும். எண்கள் அவை ஒட்டியிருக்கும் இடத்தைச் சொல்கின்றன.

சரி, 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேனை வரைவோம். கடைசியிலிருந்து வாருங்கள். "ஏன்" என்று முடிகிறது, ஆகவே ஒற்றைப் பிணைப்புகள் மட்டும். பென்ட், ஆகவே ஐந்து கார்பன். நெளிகோட்டில் ஐந்து புள்ளி போட்டு இடமிருந்து 1 முதல் 5 வரை எண் எழுதுங்கள். ட்ரைமெத்தில், ஆகவே ஒரு கார்பன் கிளை மூன்று. இடங்கள் 2, 2, 4. இரண்டாவது கார்பனில் இரண்டு கோடுகள், நான்காவதில் ஒன்று. படம் முடிந்தது. இப்போது மொத்தக் கார்பன்களை எண்ணுங்கள், எட்டு வரும். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை அளக்க 100 என்று வைத்திருக்கும் சேர்மம் இதுதான். ஐசோஆக்டேன் என்று வழக்கில் சொல்வார்கள். அளவுகோலின் மறுமுனையில் 0 என்று இருப்பது கிளையே இல்லாத ஹெப்டேன். எட்டுக் கார்பன் இருந்தும் பெயரில் பென்டேன் என்று வருவது ஏன் என்று இந்தப் படத்தை வரைந்த யாரும் கேட்கமாட்டார்கள். மூலச்சொல் முதன்மைச் சங்கிலியை மட்டுமே எண்ணுகிறது.

எழுதும் முறையையும் இங்கேயே பார்த்துவிடலாம். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் காற்புள்ளி. எண்ணுக்கும் சொல்லுக்கும் நடுவில் சிறு கோடு. ஒரே கிளை எத்தனை முறை வந்தாலும் அத்தனை எண்கள் எழுத வேண்டும். இரண்டும் ஒரே கார்பனில் இருந்தாலும் 2,2 என்றுதான் எழுத வேண்டும், ஒரு 2 போதாது. மெத்திலுக்கும் பென்டேனுக்கும் நடுவில் இடைவெளி கிடையாது.

இது போல இன்னும் சில பெயர்களை நீங்களே வரையுங்கள்: 2-மெத்தில்பியூட்டேன், 3-எத்தில்ஹெக்சேன், 2,3-டைமெத்தில்பென்டேன், 4-எத்தில்-2-மெத்தில்ஹெப்டேன். இவை தடுமாறாமல் வரும் வரை அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

படத்திலிருந்து பெயருக்கு

முதல் வேலை, மிக நீளமான சங்கிலியைக் கண்டுபிடிப்பது. ஒரு முனையில் பென்சிலை வைத்து, எடுக்காமலும் திரும்பி வராமலும் எத்தனை கார்பன் வழியாகப் போக முடியும் என்று பாருங்கள். அது நேர்கோட்டில் இருக்க வேண்டியதில்லை. கண் எப்போதும் இடமிருந்து வலமாகப் படுத்திருக்கும் வரிசையைத்தான் தேடும். அந்தப் பழக்கத்தை உடைக்க நான் தரும் முதல் கணக்கு இது.

நான்கு கார்பனை இடமிருந்து வலமாக ஒரே கோட்டில் எழுதுங்கள். இரண்டாவது கார்பனுக்குக் கீழே ஒரு கார்பன், அதற்கும் கீழே இன்னொன்று. பெயர் என்ன? ஏறக்குறைய எல்லோரும் 2-எத்தில்பியூட்டேன் என்பார்கள். இப்போது பென்சிலைக் கீழே தொங்கும் கடைசிக் கார்பனில் வையுங்கள். மேலே ஏறுங்கள்: ஒன்று, இரண்டு. படுத்திருக்கும் வரிசையின் இரண்டாவது கார்பனில் சேர்ந்து மூன்று. வலப்பக்கம் திரும்பினால் நான்கு, ஐந்து. ஐந்து கார்பன் சங்கிலி கிடைத்துவிட்டது. இடப்பக்கம் மிஞ்சிய ஒற்றைக் கார்பன்தான் கிளை, அது நடுவில் மூன்றாவது இடத்தில் நிற்கிறது. சரியான பெயர் 3-மெத்தில்பென்டேன். தாளில் வளைந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்பது மூலக்கூறுக்குத் தெரியாது. ஒற்றைப் பிணைப்புகள் சுழன்றுகொண்டேதான் இருக்கும்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. சாதாரண ஆல்கேன் பெயரில் 1-மெத்தில் என்று வந்தால் சந்தேகப்படுங்கள், அந்தக் கார்பன் சங்கிலியின் நீட்சியே தவிர கிளையில்லை. 2-எத்தில் என்று வந்தாலும் அப்படித்தான். முனைக்குப் பக்கத்தில் இரண்டு கார்பன் கிளை இருந்தால் நீளமான சங்கிலி வேறு வழியில் போகிறது என்று பொருள். ஆல்கஹால், அமிலம் போன்றவற்றில் இந்தச் சோதனை செல்லாது. 2-எத்தில்ஹெக்சன்-1-ஆல் என்பது தொழிற்சாலைகளில் பெருமளவில் தயாராகும் சேர்மம், பெயரும் சரியானதே. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

ஒரே நீளத்தில் இரண்டு சங்கிலிகள் கிடைத்தால் அதிகக் கிளை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கிளைகள் அதிகமானால் ஒவ்வொரு கிளையும் எளிமையாகிவிடும், பெயர் சொல்லவும் சுலபம்.

அடுத்து எண்ணிடுதல். இரண்டு முனையிலிருந்தும் எண்ணிப் பாருங்கள். கிளைகளுக்கு வரும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக இரண்டு வரிசைகளாக எழுதி ஒப்பிடுங்கள். முதன்முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே சிறிய எண் உள்ள வரிசைதான் வெல்லும். இதைப் பலர் "கூட்டுத்தொகை குறைவாக இருக்க வேண்டும்" என்று சொல்லித் தருகிறார்கள். அது தவறு, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஏனென்றால் சிறிய கணக்குகளில் சரியான விடை தந்து மாணவரை நம்பவைத்துவிடும். பத்துக் கார்பன் சங்கிலியில் ஒரு முனையிலிருந்து 2, 7, 8ஆம் இடங்களில் மெத்தில்களைப் போடுங்கள். மறுமுனையிலிருந்து எண்ணினால் அவை 3, 4, 9. கூட்டினால் முதலாவது 17, இரண்டாவது 16. கூட்டுத்தொகை விதிப்படி இரண்டாவது வெல்ல வேண்டும். உண்மையில் பெயர் 2,7,8-ட்ரைமெத்தில்டெக்கேன். முதல் எண்ணிலேயே 2 என்பது 3ஐவிடச் சிறியது, அத்தோடு ஒப்பீடு முடிந்தது.

பிறகு அகர வரிசை. கிளைகளை எண் வரிசைப்படி எழுதுவதில்லை, எழுத்து வரிசைப்படி எழுதுகிறோம். தமிழில் படிப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். வரிசை ஆங்கில எழுத்துகளுக்கு உரியது. தமிழ் வரிசைப்படி குளோரோ முன்னால் வரும், புரோமோ பின்னால் வரும். விதிப்படி புரோமோதான் முன்னால், ஏனென்றால் அது பி, குளோரோ சி. என் மாணவர்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இந்த வரிசையை எழுதி வைத்திருப்பார்கள்: அமினோ, புரோமோ, குளோரோ, எத்தில், ஃபுளூரோ, ஹைட்ராக்சி, அயோடோ, மெத்தில், நைட்ரோ, பினைல், புரப்பைல். டை, ட்ரை, டெட்ரா ஆகியவை எளிய கிளைகளின் எண்ணிக்கையைச் சொல்பவை மட்டுமே. வரிசைப்படுத்தும்போது அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். எத்தில் எப்போதும் டைமெத்திலுக்கு முன்னால்தான்.

ஆக, ஐந்து கார்பன் சங்கிலியில் இரண்டாவதில் குளோரின், மூன்றாவதில் புரோமின் இருந்தால் 3-புரோமோ-2-குளோரோபென்டேன். எழுத்து வரிசை எண்ணை மாற்றாது, எழுதும் இடத்தை மட்டும் மாற்றும். இரண்டு பக்கமும் எண்கள் சமமாக வந்தால் மட்டும் எழுத்தில் முந்துவதற்குச் சிறிய எண் கிடைக்கும். ஆறு கார்பன் சங்கிலியில் 3, 4 இடங்களில் ஓர் எத்திலும் ஒரு மெத்திலும் இருந்தால் எப்படி எண்ணினாலும் 3, 4தான். அப்போது 3-எத்தில்-4-மெத்தில்ஹெக்சேன்.

இரட்டைப் பிணைப்பு வந்தால்

இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு கார்பன்கள் உண்டு, பெயரில் சிறிய எண்ணை மட்டும் எழுதுகிறோம். பியூட்-1-ஈன் என்றால் 1க்கும் 2க்கும் நடுவில், பியூட்-2-ஈன் என்றால் 2க்கும் 3க்கும் நடுவில். எண்ணிடும்போது மெத்திலைவிட இரட்டைப் பிணைப்புக்கே மரியாதை அதிகம். ஐந்து கார்பன் சங்கிலியில் ஒரு பக்கத்திலிருந்து மெத்தில் 2, இரட்டைப் பிணைப்பு 3. மறுபக்கத்திலிருந்து இரட்டைப் பிணைப்பு 2, மெத்தில் 4 என்றால், இரண்டாவதுதான் சரி: 4-மெத்தில்பென்ட்-2-ஈன்.

இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாகக் கருதிச் சிறிய எண்கள் கொடுங்கள். சமமானால் ஈனுக்கு முன்னுரிமை. பென்ட்-1-ஈன்-4-ஐன் அப்படி வந்ததே.

இங்கே ஒரு மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். பள்ளிப் புத்தகங்கள் பலவற்றில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் சங்கிலியையே முதன்மையாக எடு என்று இருக்கும். ஐயூபேக்கின் 2013ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் சங்கிலியின் நீளத்துக்கு முதலிடம் கொடுத்தன. ஒரு கார்பனோடு ஓர் எத்தில், ஒரு புரப்பைல், இரட்டைப் பிணைப்பில் ஒற்றைக் கார்பன் ஒட்டியிருக்கட்டும். பழைய முறையில் அது 2-எத்தில்பென்ட்-1-ஈன். புதிய முறையில் ஆறு கார்பன் சங்கிலியே முதன்மை, இரட்டைப் பிணைப்பில் தொங்கும் கார்பன் மெத்திலிடீன் என்ற கிளையாகிவிடும்: 3-மெத்திலிடீன்ஹெக்சேன். தேர்வு எழுதுபவர்கள் தங்கள் பாடப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். மேற்படிப்பில் புதியதைப் பார்த்தால் திகைக்க வேண்டாம்.

பியூட்-2-ஈனில் இரண்டு முனைக் கார்பன்களும் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ். இரட்டைப் பிணைப்பு சுழலாது என்பதால் இவை இரண்டும் வெவ்வேறு சேர்மங்கள். முப்பரிமாண அமைப்பைப் பெயரில் சொல்வது தனியாக ஒரு பெரிய பாடம், இங்கே இது போதும்.

வினைச்செயல் தொகுதிதான் உயிர்

இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். ஆக்சிஜன் ஓரத்தில், ஒரு பக்கம் கார்பனையும் மறுபக்கம் ஹைட்ரஜனையும் பிடித்திருந்தால் எத்தனால். அறை வெப்பநிலையில் திரவம், 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆக்சிஜன் நடுவில், இரு பக்கமும் கார்பனைப் பிடித்திருந்தால் மீத்தாக்சிமீத்தேன். அது வாயு, கொதிநிலை மைனஸ் 24 டிகிரி. அணுக்கள் அதே, எண்ணிக்கையும் அதே, கொதிநிலையில் நூறு டிகிரி வித்தியாசம். ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் எத்தனாலின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து வைக்கிறது. மீத்தாக்சிமீத்தேனில் அதற்கு வழியில்லை. எனவேதான் வினைச்செயல் தொகுதிக்குப் பெயரின் கடைசியில் தனி இடம் கொடுக்கிறோம். சேர்மம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வது அதுதான்.

ஆல்கஹாலுக்கு (OH) ஆல். ஆல்டிஹைடுக்கு (ஓரத்தில் CHO) ஏல். கீட்டோனுக்கு (நடுவில் C=O) ஓன். கார்பாக்சிலிக் அமிலத்துக்கு (COOH) ஆயிக் அமிலம். அமீனுக்கு (NH2) அமீன். ஆல்டிஹைடிலும் அமிலத்திலும் தொகுதியின் கார்பனும் சங்கிலியில் சேர்த்தே எண்ணப்படுகிறது, அதுதான் முதலாவது கார்பன். பியூட்டனாயிக் அமிலத்தில் அமிலத் தொகுதியின் கார்பனையும் சேர்த்து நான்கு. அதை விட்டுவிட்டு ஐந்தாக வரைபவர்கள் மிக அதிகம். அவை எப்போதும் ஓரத்தில்தான் இருக்க முடியும் என்பதால் 1 என்று எழுதுவதும் இல்லை. ஆல்கஹால் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், கீட்டோன் ஓரத்தைத் தவிர எங்கேயும் இருக்கலாம், ஆகவே எண் வேண்டும்: பென்டன்-2-ஓன், பென்டன்-3-ஓன்.

ஒரே சேர்மத்தில் இரண்டு தொகுதிகள் இருந்தால் கடைசி இடம் ஒன்றுக்குத்தான். வரிசை இது: அமிலம், எஸ்டர், அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன். மேலே உள்ளது பின்னொட்டாகும், மற்றது முன்னொட்டாகி முன்னால் போய்விடும். ஆல்கஹால் முன்னால் போனால் ஹைட்ராக்சி. கீட்டோன் போனால் ஆக்சோ. அமீன் போனால் அமினோ. ஹாலஜன்கள், நைட்ரோ, ஈதரின் மீத்தாக்சி, எத்தாக்சி ஆகியவை எப்போதுமே முன்னொட்டுதான்.

எண்ணிடும்போது யாருக்குச் சிறிய எண் என்ற கேள்விக்கும் இப்போது முழு விடை கிடைக்கிறது. முதலில் கடைசியில் வரும் தொகுதி. பிறகு இரட்டை, முப்பிணைப்புகள். பிறகு முன்னொட்டுகள் எல்லாம் ஒன்றாக. அதற்கும் பிறகே எழுத்து வரிசை. மேலிருப்பது முடிவு சொல்லிவிட்டால் கீழே போக வேண்டாம். சங்கிலியைத் தேர்ந்தெடுக்கும்போதும் கடைசித் தொகுதியைத் தாங்கும் சங்கிலிக்கே முதல் உரிமை. 2-எத்தில்ஹெக்சன்-1-ஆல் எப்படிச் சரி என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஆல்கஹால் தொகுதி ஒட்டிய கார்பனை உள்ளடக்கினால் ஆறு கார்பன்தான் கிடைக்கும். அதைவிட நீளமாக ஏழு கார்பன் வழி ஒன்று அந்தப் படத்தில் இருந்தாலும் அதற்கு உரிமையில்லை. வரைந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு படத்தை முழுமையாகச் செய்துபார்ப்போம். ஐந்து கார்பன். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது கார்பனில் ஆல்கஹால் தொகுதி, நான்காவது கார்பனில் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு. இரண்டில் எது மேலே? கீட்டோன். ஆகவே கடைசியில் ஓன் வரும், ஆல்கஹால் ஹைட்ராக்சியாகிவிடும். கீட்டோனுக்குச் சிறிய எண் வேண்டும். இடப்பக்கத்திலிருந்து 4, வலப்பக்கத்திலிருந்து 2. வலப்பக்கமிருந்து எண்ணுகிறோம். ஹைட்ராக்சி 4ஆம் இடத்துக்கு வருகிறது. பெயர் 4-ஹைட்ராக்சிபென்டன்-2-ஓன். இப்போது பெயரை மட்டும் பார்த்துப் புதிதாக ஒரு படம் வரைந்து, முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். பெயர் வைத்த ஒவ்வொரு முறையும் இந்தத் திருப்பிப் பார்த்தலைச் செய்ய வேண்டும். இதைவிட நல்ல சரிபார்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

எஸ்டரின் பெயர் இரண்டு சொற்களாக வரும், அதில் தடுமாற்றம் அதிகம். மெத்தில் எத்தனோயேட், எத்தில் மெத்தனோயேட் இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: மூன்று கார்பன், ஆறு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். சேர்மங்கள் வேறு. முதல் சொல் ஆல்கஹாலிலிருந்து வந்த பகுதி, அதாவது ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜனின் மறுபக்கம் இருப்பது. இரண்டாவது சொல் அமிலத்திலிருந்து வந்த பகுதி, இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜனைத் தாங்கும் கார்பன் அதில்தான் இருக்கிறது. எஸ்டரைப் பார்த்தால் முதலில் ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜனில் ஒரு வட்டம் போடுங்கள், அது இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டிவிடும்.

வளையங்களும் பழைய பெயர்களும்

சங்கிலி வளையமானால் முன்னால் சைக்ளோ. ஒரே ஒரு பதிலி இருந்தால் எண் வேண்டாம், வளையத்தில் எல்லா இடமும் ஒன்றுதான். இரண்டு இருந்தால் சிறிய எண்கள் கிடைக்கும்படி சுற்றுங்கள். ஒவ்வொரு வளையமும் ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பும் இரண்டு ஹைட்ரஜனைக் குறைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். திறந்த சங்கிலி ஆல்கேனில் ஹைட்ரஜன் எண்ணிக்கை கார்பனின் இரு மடங்கோடு இரண்டு. சைக்ளோஹெக்சேனில் 14 அல்ல, 12. பென்சீனில் ஒரு வளையமும் மூன்று இரட்டைப் பிணைப்பும் இருப்பதாக வரைகிறோம், ஆகவே எட்டுக் குறைந்து 6.

எல்லாப் பழைய பெயர்களும் போய்விடவில்லை. அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம், டொலுயீன், பீனால் ஆகியவற்றை ஐயூபேக்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவற்றைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் லாக்டிக் அமிலம் என்ற பெயரிலிருந்து படம் வராது. 2-ஹைட்ராக்சிபுரப்பனாயிக் அமிலம் என்றால் வரும். கிளிசரால் என்றால் வராது, புரப்பேன்-1,2,3-ட்ரையால் என்றால் வரும். சிட்ரிக் அமிலம் 2-ஹைட்ராக்சிபுரப்பேன்-1,2,3-ட்ரைகார்பாக்சிலிக் அமிலம். இதில் மட்டும் விழிப்பாக இருங்கள்: கார்பாக்சிலிக் என்று முழுதாக வரும்போது அமிலத் தொகுதிகளின் கார்பன்கள் மூலச்சொல்லில் சேராது. சங்கிலியில் மூன்று, தொகுதிகளில் மூன்று, மொத்தம் ஆறு.

கடைசியாக ஒரு பெரிய பெயரை எடுத்துக்கொள்வோம். வலிக்கும் காய்ச்சலுக்கும் தரும் ஐபுபுரூஃபன் மாத்திரையில் இருக்கும் மருந்தின் பெயர் 2-[4-(2-மெத்தில்புரப்பைல்)பினைல்]புரப்பனாயிக் அமிலம். அடைப்புக்குறிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை கிளைக்குள் கிளையைப் பிரித்துக் காட்டுபவை. வாலிலிருந்து தொடங்குங்கள். புரப்பனாயிக் அமிலம்: மூன்று கார்பன், ஓரத்தில் அமிலத் தொகுதி, அதன் கார்பன்தான் 1. அதற்கு அடுத்த கார்பனில், அதாவது 2இல், சதுர அடைப்புக்குள் இருக்கும் மொத்தமும் ஒட்டுகிறது. அது பினைல், பென்சீன் வளையம். வளையத்தில் சங்கிலியோடு சேரும் கார்பனை 1 என்று எண்ணி, நேரெதிரே இருக்கும் 4க்குப் போங்கள். அங்கே வளைவு அடைப்புக்குள் இருப்பது ஒட்டுகிறது: மூன்று கார்பன் புரப்பைல், வளையத்தோடு சேரும் கார்பன் 1, அதற்கு அடுத்ததில் ஒரு மெத்தில். வரைந்து முடித்து எண்ணுங்கள். 13 கார்பன், 18 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் வந்தால் படம் சரி. ஹைட்ரஜன் குறைந்தாலோ கூடினாலோ பென்சீன் வளையத்தின் கார்பன்களை முதலில் சரிபாருங்கள். கிளை ஒட்டிய இரண்டு கார்பன்களிலும் ஹைட்ரஜன் இருக்கக் கூடாது, மற்ற நான்கிலும் ஒவ்வொன்றுதான்.